கையெழுத்து மட்டும் போட்ட நான்கு தாள்கள்

நான்கு தாள்கள். நான்கிலும் பச்சை மையில் ஒரே கையெழுத்து. அச்சடித்த தலைப்புக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை. போட்ட மனிதர் இறந்து இன்றோடு பதினாறு நாள்.

அம்சா அவற்றை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் நான்கு மனுக்களை வைத்தாள். தாளுக்கு ஒரு மனு.

மணி எட்டேகால். பிள்ளையார்பாளையத்தில் எம்.எல்.ஏ. பஞ்சாட்சரம் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். பத்தரைக்குக் காந்தி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அவருக்குப் படத்திறப்பு. அதற்குள் நான்கு கடிதங்களையும் அடித்து முடித்துவிட வேண்டும். பதினாறு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்த வேலை.

கை ஓடவில்லை, அவ்வளவுதான். அவர் உடல் கிடந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஊரே நின்று கதறியபோது அவள் மட்டும், "வரிசையா வாங்கப்பா, லேடீஸ் எல்லாம் இந்தப் பக்கம்" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். "பத்தொம்பது வருசம் சோறு போட்ட மனுசன். கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று காதுபடவே பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரியும். வலி மட்டும் தெரியாது.

சட்டசபைக்குக் கிளம்பும்போதெல்லாம் பஞ்சாட்சரம் இருபது வெற்று லெட்டர்பேடு தாள்களில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். "நான் ஊர்ல இல்லன்னு எவனும் வெறுங்கையோட திரும்பிப் போவக் கூடாதும்மா" என்பார். அதற்கு ஒரு சட்டம் உண்டு. மனுவின் ஓரத்தில் அவர் தன் கையால் 'செய்க' என்று எழுதியிருந்தால்தான் அந்தத் தாளைத் தொடலாம். இன்னொரு சட்டமும் உண்டு. கையெழுத்தைத் தாளின் அடியில் போட மாட்டார். நடுவுக்கும் மேலேயே போட்டுவிடுவார். தலைப்புக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஒன்பது வரிதான் பிடிக்கும்.

"எம்மேல நம்பிக்கை இல்லியாண்ணே?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டாள்.

"உன்மேல இருக்குது. தாள் மேலதான் இல்ல. ஒம்பது வரிக்கு மேல போனா அது சிபாரிசு கிடையாதும்மா, வாழ்த்து மடல்."

போன மாதம் மூன்றாம் தேதி இருபது தாளில் கையெழுத்துப் போட்டார். பதினாறு தீர்ந்தது. ஒன்பதாம் தேதி சென்னையில் மயங்கி விழுந்தார். இருபதாம் தேதி எல்லாம் முடிந்தது. மிச்சம் இந்த நான்கு தாள், 'செய்க' என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போன இந்த நான்கு மனு.

கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். முதல் மனு முசரவாக்கம் காந்தாவுடையது, வீட்டுமனைப் பட்டாவுக்கு. காந்தா அவள் தெருக்காரிதான். இரண்டு வரி அடித்திருப்பாள். வாசலில் கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம்.

தினகரன் உள்ளே வந்தார். பஞ்சாட்சரத்தின் தம்பி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கட்சிக்கரை வேட்டி, நெற்றியில் இன்னும் காயாத சந்தனம். அண்ணன் இருந்த பத்தொன்பது வருடத்தில் இந்த அறைக்கு நான்கு தடவை வந்திருப்பார். அதில் மூன்று தடவை போட்டோவுக்கு.

"அம்சா, அண்ணன் கையெழுத்து போட்டு வெச்ச பேடு உங்கிட்ட இருக்குதாமே?"

சொல்வதற்குள் பார்த்துவிட்டார். கண்ணாடி மேல் பரப்பித்தானே வைத்திருக்கிறாள்!

"நாலு இருக்குதா? ஒண்ணு போதும் எனக்கு. கட்சித் தலைமைக்கு ஒரு லெட்டர். இடைத்தேர்தல் வருது இல்ல? தனக்கு அப்புறம் தம்பிக்கு சீட்டு குடுங்கன்னு அண்ணன் எழுதின மாதிரி. மெட்ராஸ்லேருந்து பொறுப்பாளர் வர்றாரு, மேடையிலயே அவர் கையில குடுக்கணும். நான் சொல்றேன், நீ அடி."

"அண்ணன் அப்படி எதுவும் சொல்லலியே சார்."

"சொல்ல நேரம் இல்லாம பூட்டாரு. அடிம்மா."

அம்சா அடித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காந்தாவின் இரண்டு வரியை ஓரம் கட்டிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல விரல்கள் பாட்டுக்கு ஓடின. தினகரன் கண்ணை மூடிக்கொண்டு மேடையில் நிற்பதுபோல் நின்றார். "என் நிழலாக, என் மூச்சாக, என் வலக்கரமாக, நாற்பதாண்டு காலம் என்னோடு நடந்து வந்த என் அருமைத் தம்பி..." ஒன்பது வரி தாண்டியது. பதினான்கு ஆனது.

"சார், ஒம்பது வரிதான் பிடிக்கும்."

"எழுத்தைச் சின்னதா பண்ணு. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

சின்னதாக்கினாள். வெறும் தாளில் ஒரு முறை எடுத்துப் பார்த்திருக்கலாம். தினமும் அப்படித்தான் செய்வாள். இன்று செய்யவில்லை. வேண்டுமென்றா, மறந்தா என்று அவளுக்கே தெரியாது. கையெழுத்துப் போட்ட தாளை நேரே பிரிண்டரில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். தாள் வெளியே வந்தது. 'அருமைத் தம்பி தினகரன்' என்ற வரி கையெழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் இடமில்லாமல் அடுத்தவர் மடியில் உட்கார்ந்த மாதிரி.

"என்னம்மா இது!"

"பிடிக்காதுன்னு சொன்னேன் சார்."

மூன்று தாள்.

வாசலில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், வலது காலை இழுத்து இழுத்துப் படியேறி, பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். திருப்பருத்திக்குன்றம் சம்பூர்ணம். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். இங்கே ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றுகிறாள். நான்கு மனுவில் ஒன்று அவளுடையது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கேட்டு.

"அம்சாம்மா, கேம்ப்பு இன்னிக்குத்தான். கலெக்டர் ஆபீஸ்ல பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்களாம். சிபாரிசு லெட்டர் இருந்தா சேர்த்துக் குடுங்கன்னு போன்ல மெசேஜ் வந்துகீது."

"இன்னிக்கு ஆபீஸ் லீவும்மா. ஊரே துக்கத்துல இருக்குது, தெரியல?" என்றார் தினகரன்.

"லீவு போட்டவரு அவரு ஒருத்தர்தான் சார். நீங்கல்லாம் உசுரோடதானே கீறீங்க?"

தினகரன் முகம் சுருங்கியது. அவளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அம்சா பக்கம் திரும்பினார். "நிழல், மூச்சு எல்லாத்தையும் எடுத்துடு. எட்டே வரியில முடி. தேதி பன்னெண்டுன்னு போடு. கடைசி நேரத்துல எழுதின மாதிரி இருக்கணும், அப்பத்தான் அவங்களுக்கு மனசு இளகும்."

அம்சா அடித்தாள். பன்னிரண்டு என்றார், பன்னிரண்டு என்று அடித்தாள். தாள் வெளியே வந்தது. இந்த முறை கையெழுத்து மேல் எதுவும் ஏறவில்லை. தினகரன் திருப்தியாக வாய்விட்டுப் படித்தார். தேதியையும் சேர்த்து.

"பன்னெண்டா?" என்றாள் சம்பூர்ணம் நாற்காலியிலிருந்தே. "பத்தாம் தேதியே அவருக்கு மூச்சுக்கு மெஷின் வெச்சுட்டாங்களே! டிவியில சொன்னாங்க. பன்னெண்டாம் தேதி நான் கச்சபேஸ்வரர் கோயில்ல விளக்குப் போட்டுட்டு அழுதுக்கினு வந்தேனே. மெஷின மாட்டிக்கினா லெட்டர் எழுதினாரு?"

தினகரன் அந்தத் தாளை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார். ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும் மேஜை மேல் எறிந்தார்.

இரண்டு தாள்.

"உனக்குத் தெரியாதா? நீ ஏன் சொல்லல?" என்று அம்சாவிடம் பாய்ந்தார்.

"நீங்க கேக்கல சார்."

பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தாள் வீணாகும்போதும் ஒரு மனு சாகிறது. திருப்புட்குழியில் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போயிற்று. ஒரு விதவைத் தாயின் பையனுக்கு விடுதி இடம் போயிற்று. இவர் கையில் அந்தக் கடிதம் போகக் கூடாது என்று எங்கோ ஒரு மூலையில் நினைக்கிறாள். அதற்கு யார் யாரோ விலை கொடுக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள முடிந்தது. பதற மட்டும் முடியவில்லை.

தினகரனின் போன் அடித்தது. பொறுப்பாளர் வாலாஜாபாத் தாண்டிவிட்டாராம். "எட்டாம் தேதின்னு மாத்து. மாத்திட்டியா? நகரு, நானே வைக்கிறேன். உன் கை ராசியே சரியில்ல" என்று தாளைப் பிடுங்கி அவரே பிரிண்டரில் செருகினார். அது பழைய பிரிண்டர். தாளை எந்தப் பக்கம் காட்டி வைக்க வேண்டும் என்பது அம்சாவுக்கும் பஞ்சாட்சரத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தாள் வெளியே வந்தது. ஒரு பக்கம் வெறும் கையெழுத்து. திருப்பினால் மறுபக்கம் கடிதம், தலைகீழாக.

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, எழவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரே தாள்.

மறுபடியும் போன். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே தினகரன் வாசலுக்கு ஓடினார். படியில் நின்று திரும்பினார். குரலை இறக்கினார். "அம்சா, மேட்டர் கம்ப்யூட்டர்லயே இருக்குது. நீயே ஒழுங்கா எடுத்துக்கினு மண்டபத்துக்கு வந்துடு. நாளைக்கு அண்ணன் நாற்காலியில நான் உக்காந்தா, இந்த நாற்காலியில நீதான். இல்லன்னா உனக்கே தெரியும்."

கார் கிளம்பிற்று. பக்கத்து வீட்டுத் தறி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

"செத்தவரு லெட்டர் செல்லுமாம்மா?" என்றாள் சம்பூர்ணம்.

"மூணாம் தேதி போடறேன். அன்னிக்கு அவர் இருந்தாரு. அன்னிக்குத்தான் உன் மனுவுல 'செய்க'ன்னு எழுதினாரு."

"அப்போ அந்த ஆளு லெட்டரு?"

அம்சா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. எட்டு வரியில் முடிந்து தயாராக நிற்கும் தினகரனுடையது. இரண்டு வரியோடு நின்றுபோன காந்தாவுடையது. இரண்டையும் மூடினாள். மூன்றாவதாக ஒன்றைத் திறந்தாள். காந்தாவின் பட்டாவுக்கு அடுத்த வாரமும் மனு கொடுக்கலாம். கேம்ப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். அவ்வளவுதான் யோசித்தாள். வேலை போகும் என்பதையும் யோசித்தாள். யாரோ ஒருத்தி வேலை போவதைப் பேப்பரில் படிப்பது போலிருந்தது.

ஆறு வரி. வெறும் தாளில் ஒரு முறை எடுத்துப் பார்த்தாள். அதன் பிறகு கடைசித் தாளைச் சரியான பக்கம் காட்டி வைத்தாள்.

சம்பூர்ணத்தை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து, வீணான மூன்று தாள்களையும் கிழித்தாள். கையெழுத்து வந்த இடத்தில் விரல் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. சர்ரென்று கிழிந்தது.

மண்டபத்துக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பஞ்சாட்சரம் சிரித்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸில், போஸ்டரில், ஆட்டோவின் பின்கண்ணாடியில். உள்ளே மேடையில் ஆளுயரப் படம், ரோஜா மாலை. முன்வரிசையில் அவர் மனைவி வடிவாம்பாள், வெற்றுக் கழுத்தோடு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு. ஒருவர் மைக்கில், "ஏழைகளின் விடிவெள்ளியே, எங்களை விட்டு எங்கே சென்றாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டியது. அங்கே எதற்கும் கை தட்டினார்கள்.

அம்சா பின்வரிசையில் நின்றாள். தினகரன் காதில் விஷயத்தைப் போட்டுவிட வேண்டும் என்று ஓரமாக நடக்கத் தொடங்கினாள். பாதி தூரம் போயிருப்பாள். தினகரன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"என் அண்ணன் கண் மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கடிதம் எழுதினார்! அது என்ன கடிதம்? யாருக்குக் கடிதம்? என் வாயால் சொன்னால் அழகில்லை. அண்ணனின் உதவியாளர், சகோதரி அம்சா அவர்களை மேடைக்கு அழைக்கிறேன். அவரே படிப்பார்!"

ஆயிரம் தலைகள் திரும்பின.

கால்கள் நடந்தன. படி ஏறின. பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தினகரன் கை நீட்டினார். அவள் பையில் மீதி மூன்று மனுக்களோடு இருந்தது, வெறும் தாளில் சரிபார்க்க எடுத்த நகல் ஒன்றுதான். அதை எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. மைக் முன்னால் பிடித்தாள்.

"அண்ணன் கையெழுத்து போட்ட கடைசித் தாள் இதுதான். போன மாசம் மூணாம் தேதி" என்றாள். பிறகு படித்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல், ஏற்றம் இறக்கம் இல்லாமல்.

"திருப்பருத்திக்குன்றத்தில் வசிக்கும் திருமதி சம்பூர்ணம், இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் செயலிழந்தவர். பட்டு நூல் சுற்றிப் பிழைக்கிறார். வேலைக்கு வந்து போவதற்கே அவர் கூலியில் பாதி போய்விடுகிறது. இவரை நான் நேரில் அறிவேன். இவருக்குப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பஞ்சாட்சரம்."

முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. இதன் பிறகுதான் கடிதம் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஒரு மூலையில் யாரோ பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் தட்டினார்கள். மற்றவர்கள் தட்டுவதா வேண்டாமா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் பொறுப்பாளர்.

"அண்ணன் ஒம்பது வரிக்கு மேல எழுத மாட்டாருங்க."

தினகரன் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். மைக்கைக் கையால் மூடினார். உதடு அசையாமல் பேசினார். "என் லெட்டரு எங்க?"

"தாள் தீந்துபோச்சு சார்."

"நாளைலேருந்து நீ வர வேணாம்."

"சாவி மேஜை மேலயே இருக்குது சார்."

அவர் கையை எடுத்தார். மைக்குக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா! சாகும் தறுவாயிலும் ஏழைக்காகவே துடித்தது என் அண்ணன் இதயம்!" என்று முழங்கினார். இப்போது கூட்டம் தெளிவாகக் கை தட்டியது.

படியிறங்கும்போது வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நாலு மனு வெச்சுட்டுப் போனாருன்னு சொன்னியே அம்சா. மீதி மூணு?"

"தாள் இல்ல அண்ணி. வீணாப் போச்சு."

வடிவாம்பாள் மேடையைப் பார்த்தாள். யாரால் வீணாயிற்று என்று கேட்கவில்லை. "மனுவை நீயே வெச்சுக்கினு இருக்காத. குடுத்தவங்க கிட்ட திருப்பிக் குடுத்துடு. வரும் வரும்னு காத்துக்கினு இருப்பாங்க" என்றாள்.

பஸ் நிலையத்தில் முசரவாக்கம் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் மூன்று மனுக்களை வைத்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. சம்பூர்ணம்.

"வாங்கிக்கினாங்கம்மா! லெட்டரைப் பார்த்துட்டு அந்தக் கிளார்க்கு, 'இவரு தவறிட்டாரேம்மா'ன்னாரு. 'தவறினது இருபதாம் தேதி, லெட்டர் மூணாம் தேதி, கண்ணாடி போட்டுப் பாருங்க'ன்னேன். சீல் வெச்சுக் குடுத்துட்டாங்க."

"வண்டி எப்போ தருவாங்களாம்?"

"அதெல்லாம் சொல்லல. மேல அனுப்புவாங்களாம். வந்தாலும் வரும், வராட்டியும் போகும். நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்தாள்.

காந்தா தன் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஓலைக்கூரை, மண்சுவர், அரசாங்கப் புறம்போக்கில் இருபத்தெட்டு வருடம். அம்சாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"லெட்டர் வந்துச்சாடி?"

"இல்லக்கா. வராது."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தாள் நான்கு இருந்தது, மூன்று வீணானது, கடைசித் தாளை வேறொருத்திக்குக் கொடுத்தது. வீணானதில் இரண்டைத் தானே பிரிண்டரில் வைத்ததையும் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் ஏதாவது உறைக்குமோ என்றும் இருந்தது.

காந்தா கீரைத் தண்டை எடுத்து மறுபடி உருவ ஆரம்பித்தாள். "அவளுக்குக் காலே இல்லன்றே. எனக்கு நடக்கவாவது கால் கீது" என்றாள். பிறகு, "இனிமே யார் கிட்ட போய் நிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நான் கூட வரேன்."

"நீ எப்படி வருவ? உனக்குத்தான் வேலை பூடுச்சே. யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

அம்சா யோசித்தாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லி வந்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் பக்கத்துல நிப்பேன்."

"நின்னு?"

"தெரியலக்கா."

காந்தா உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் காலையில் வைத்த குழம்பும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மனுவை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எட்டு மணி பஸ்ஸுன்னா கூட்டமா இருக்கும். ஏழரைக்கே போயிடலாம்" என்றாள். "அங்க போயி நீ பேசு. எனக்குக் கோர்வையா வராது."